சாய்ந்து நிற்கும் நிறமாலை

தொலைவிலுள்ள விண்மீன் ஒன்றன் அருகே சென்று அதனைச் சோதித்தறிதல் மனிதனுக்கு இயலாத காரியம். அங்கிருந்து அவனுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒளி ஒன்றே. அவ்வொளியை நிறங்களாகப் பிரித்து, எந்த நிறத்தில் எவ்வளவு வந்தது என்று கணக்கிட்டாற்றான், அவ்விண்மீனிலே எந்தெந்த மூலகங்கள் உள, அதன் வெப்பநிலை யாது, அது பூமியை நோக்கி வருகின்றதா, விலகிச் செல்கின்றதா என்பன தெரியவரும். இவ்வளவும் பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. ஆனால், ஒளியை நிறங்களாகப் பிரித்தல் ஒன்று. பிரிந்த நிறங்களைத் தவறின்றி எண்ணி எடுத்தல் மற்றொன்று. முதலாவதைப் பற்றி நூல்கள் விரிவாகப் பேசும். இரண்டாவதைப் பற்றி அவை ஓரிரு வரிகளிற் கூறிவிட்டு அப்பாற் செல்லும். வானியலார் உண்மையில் தடுமாறுவதோ இந்த இரண்டாவது வேலையிலேதான்.

ஐசாக் நியூற்றன் 1666 ஆம் ஆண்டளவில் அரியம் ஒன்றினூடாகச் சூரிய ஒளியைச் செலுத்தி அதன் நிறங்களைச் சுவரிலே விழச் செய்தார். 1814 இல் ஜேர்மன் நாட்டுக் கண்ணாடித்தொழில் வல்லுநரான யோசெப் பிரவுன்கோபர், அந்நிற வரிசையின் குறுக்கே 500 க்கும் மேற்பட்ட கருங்கோடுகள் கிடப்பதைக் கண்டு குறித்தார். ஒவ்வொரு கோடும் ஏதேனும் ஒரு மூலகத்தின் கையொப்பம் என்பது பின்னரே விளங்கியது. அரியத்துக்குப் பதிலாக, மிக நெருக்கமாகக் கோடுகள் கீறப்பட்ட தட்டொன்றினாலும் ஒளியைப் பிரிக்கலாம். இதனைக் கீற்றணி என்பர். பிரவுன்கோபரே இத்தகைய கீற்றணிகளைச் செய்து பயன்படுத்தினார். இவ்வரலாறு இங்கே இம்மட்டில் அமையும்.

ஒரு கருங்கோடு மெல்லியதாயின், அதன் வடிவத்தைக் காண்பதற்கு நிறமாலையை மிக நீளமாக விரித்தல் வேண்டும். எவ்வளவு நீளம்? தென்னமெரிக்காவின் சில்லி நாட்டிலே, லா சில்லா என்னும் மலையில், ஐரோப்பியத் தென்கோள வானாய்வகத்தின் 3.6 மீற்றர் தொலைகாட்டியுடன் 2003 இல் இணைக்கப்பட்ட ஹார்ப்ஸ் என்னும் கருவியை எடுத்துக்கொள்ளலாம். அது 378 நனோமீற்றரிலிருந்து 691 நனோமீற்றர் வரையுள்ள ஒளியை 72 துண்டுகளாகப் பதிவு செய்கின்றது. அத்துண்டுகள் அனைத்தையும் முனையோடு முனை வைத்து அடுக்கினால் 4 மீற்றருக்கும் மேற்பட்ட நீளமுள்ள பட்டியாகும். அத்துணை நீளமான பதிவுத் தட்டு எங்கும் இல்லை. உள்ளங்கை அளவினதான சதுரத் தட்டே உண்டு. நீண்ட சீலையை மடித்துப் பெட்டியில் வைப்பது போல, நீண்ட நிறமாலையைத் துண்டு துண்டாக ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சதுரத்துள் அடக்கவேண்டியதாயிற்று.

இதற்கு வழிகாட்டியவர் அமெரிக்க நாட்டு மசாசுசெற்சுத் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹரிசன். அவர் 1949 இல் எஷெல் என்னும் புதுவகைக் கீற்றணியை முன்மொழிந்தார். எஷெல் என்பது ஏணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். சாதாரணக் கீற்றணியில் ஒரு மில்லிமீற்றருக்கு நூற்றுக்கணக்கான கீறல்கள் இருக்கும்; எஷெலிலோ சில பத்துக் கீறல்களே. ஹார்ப்ஸ் கருவியின் எஷெலில் மில்லிமீற்றருக்கு 31.6 கீறல்கள்தாம் உள. ஆயின் அக்கீறல்கள் படிக்கட்டுப் போலச் செங்குத்தாக வெட்டப்பட்டவை. ஒளி அவற்றின்மேற் பெருஞ்சரிவாக விழும். இதனால் ஒளி மிக அதிகமாக விரிகின்றது. அவ்விரிவோடு ஒரு சிக்கலும் வந்து சேருகின்றது.

கீற்றணி ஒளியை ஒரு முறை மட்டுமன்றிப் பல முறை விரித்துக் காட்டும். இவ்வொவ்வொரு விரிவையும் வரிசை என்பர். முதலாம் வரிசை, இரண்டாம் வரிசை என எண்ணிட்டுச் சொல்வர். எஷெல் பயன்படுவது நூறாம் வரிசை போன்ற உயர் வரிசைகளிலே. நூறாம் வரிசையில் 600 நனோமீற்றர் அலைநீளமுள்ள செம்மஞ்சள் ஒளி விழும் அதே இடத்தில், நூற்றோராம் வரிசையின் 594 நனோமீற்றர் ஒளியும் விழும். தொண்ணூற்றொன்பதாம் வரிசையின் 606 நனோமீற்றர் ஒளியும் விழும். ஒரே ஓலையின்மேல் நூறு பேர் எழுதிய கதையாகிவிடும் அது. ஆகவே, எஷெலுக்கு அடுத்து ஓர் அரியத்தையோ இன்னொரு கீற்றணியையோ குறுக்காக வைப்பர். எஷெல் ஒளியைக் கிடையாக விரிக்க, குறுக்கே வைத்த அரியம் அதனை மேலும் கீழுமாகப் பிரிக்கும். அப்போது வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடவாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய கீற்றுகளாகின்றன.

அக்கீற்றுகள் நேராகக் கிடப்பதில்லை. அத்தனையும் சாய்ந்து, பெரும்பாலும் சற்று வளைந்தும் கிடக்கின்றன. தட்டின் ஓர் ஓரத்தில் மேலே தொடங்கும் கீற்று மறு ஓரத்தில் கீழே முடிகின்றது. புதிதாக இதனைக் காண்போர் கருவி கோணலாகப் பொருத்தப்பட்டுள்ளது என்றே எண்ணுவர். அது சரியன்று. இச்சாய்வு இல்லாவிடின் வரிசைகள் பிரியவே மாட்டா.

ஏனெனிற் குறுக்கு அரியத்துக்கு வரிசை எண் தெரியாது. அதற்குத் தெரிந்தது அலைநீளம் ஒன்றே. ஓர் அலைநீளத்தை அது எந்த உயரத்தில் இடுகின்றதோ, அந்த அலைநீளம் எந்த வரிசையில் வந்தாலும் அதே உயரத்திலேயே இடும். நூறாம் வரிசையின் பயன்படுபகுதி ஏறத்தாழ 603 நனோமீற்றரில் தொடங்கி 597 இல் முடிகின்றது என்க. நூற்றோராம் வரிசை அந்த 597 இலேயே தொடங்குகின்றது. எனவே, நூறாம் வரிசையின் வால் தட்டின் ஓர் ஓரத்திலும், நூற்றோராம் வரிசையின் தலை மறு ஓரத்திலும் கிடந்தபோதிலும், இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்றல் வேண்டும். நீண்ட நூலொன்றை உருளையொன்றின்மேல் நெருக்கமாகச் சுற்றி, அச்சுற்றுகளை உருளையின் நெடுக்கே கத்தியாற் கீறி விரித்து வைத்தால் எவ்வாறிருக்கும் என்று நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். நூற்றுண்டுகள் யாவும் சாய்ந்தே கிடக்கும். ஒன்றன் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கும். எஷெல் நிறமாலையும் அவ்வாறே அறுத்து விரித்த ஒரே நூல். ஒரு கீற்று தன் முழு நீளத்தில் இறங்கும் அளவு, அதற்கும் அடுத்த கீற்றுக்கும் உள்ள இடைவெளிக்குச் சமம். தட்டைச் சற்றுத் திருப்பி வைத்து இச்சாய்வை மறைக்கலாமே என்றால், ஒரு வரிசைக்கு அது பொருந்தும். ஏனைய வரிசைகளுக்குப் பொருந்தாது. அரியம் நீல ஒளியைச் சிவப்பொளியிலும் அதிகமாகப் பிரிப்பதால் ஒவ்வொரு வரிசையின் சரிவும் வேறு வேறு.

இது முதலாவது சாய்வு. இதனிலும் வஞ்சகமான இரண்டாவது சாய்வொன்று உண்டு.

நிறமாலைமானியினுள்ளே ஒளி நுழைவது நீள்துளை ஒன்றின் வழியாக. நிறமாலையில் நாம் கோடு என்று காண்பதெல்லாம் அந்நீள்துளையின் படிமமே. எஷெலுக்குச் சென்ற ஒளி, வந்த வழியே திரும்பினாற் கருவி நன்கு இயங்கும். ஆனால் வந்த வழியே திரும்பும் ஒளியைப் பிடிக்கத் தட்டை அங்கே வைத்தால், அது வரும் ஒளியை மறைத்துவிடும். ஆகையால் எஷெலைப் பக்கவாட்டிலே சிறிது சாய்த்து, திரும்பும் ஒளியை ஓரமாக ஒதுக்குவர். இச்சிறு ஒதுக்கத்துக்குச் செலுத்தும் விலை, நீள்துளையின் படிமம் செங்குத்தாக நில்லாது சாய்ந்து நிற்றல். இச்சாய்வின் அளவைக் கணக்கிட எளிய விதி உண்டு. எஷெல் படியின் சரிவுக் கோணத்தின் தான்சனை ஒதுக்கக் கோணத்தின் தான்சனாற் பெருக்கி, அதனை இரட்டித்தால் வருவது படிமச் சாய்வின் தான்சன் ஆகும். சரிவின் தான்சன் 2 ஆகவுள்ள எஷெலை ஒரு பாகை ஒதுக்கினால், படிமம் 4 பாகை சாயும். தான்சன் 4 ஆகவுள்ள எஷெலாயின் 8 பாகை சாயும். ஹார்ப்ஸ் போன்ற கருவிகளில் உள்ளவை இந்த இரண்டாம் வகை எஷெல்களே.

4 பாகை பெரிதா என்று கேட்கலாம். சுவரில் மாட்டிய படம் 4 பாகை சாய்ந்திருந்தால் ஒருவரும் பெரிதாகப் பொருட்படுத்தார். ஆயின் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தல் தகும். இக்காலத்துப் பதிவுத் தட்டு, 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே வில்லாட் பொயிலும் ஜோர்ஜ் சிமிதும் கண்டுபிடித்த சீ.சீ.டி. என்னும் சிலிக்கன் தகடு. அது நிரையும் நிரலுமாக இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாக வகுக்கப்பட்டது. நீள்துளையின் படிமம் 20 கட்ட உயரமும் 3 கட்ட அகலமும் உடையது என்று கொள்வோம். 4 பாகைச் சாய்வில், படிமத்தின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே கிடையாக 1.4 கட்ட வேறுபாடு தோன்றும். இதனை நோக்காது, ஒவ்வொரு நிரலிலும் உள்ள ஒளியை மேலிருந்து கீழாக நேரே கூட்டியவர், 3 கட்டக் கோட்டை அதனிலும் அகன்ற கோடாகப் பெறுவார். கோடு அகன்றிருப்பதைக் கண்டு, இவ்விண்மீன் விரைந்து சுழல்கின்றது என்றும் எழுதிவைப்பார். விண்மீன் அமைதியாகவே இருந்திருக்கும். சாய்ந்து நின்றது கருவியின் படிமம்.

இதனினும் கொடியது பின்வரும் பிழை. அலைநீளத்தை அளக்கத் தோரியமும் ஆகனும் நிறைந்த விளக்கொன்றை எரிப்பர். அதன் கோடுகளின் அலைநீளங்கள் முன்னரே நுட்பமாக அளக்கப்பட்டவை. அவ்விளக்கின் ஒளி நீள்துளை முழுவதையும் ஒரே சீராக நிரப்பும். விண்மீனின் ஒளி அவ்வாறு நிரப்பாது. அது துளையின் ஓரிடத்தில் புள்ளியாக விழும். காற்றின் கலக்கத்தினாலும் தொலைகாட்டியின் சிறு தளர்வினாலும் அப்புள்ளி துளையின் நெடுக்கே மேலும் கீழும் ஊசலாடும். அது 3 கட்டம் மேலே நகர்ந்தால், சாய்வின் காரணமாகக் கோடு 0.2 கட்டம் பக்கவாட்டில் நகர்ந்ததாகத் தோன்றும். ஹார்ப்ஸ் கருவியில் ஒரு கட்டம் என்பது விண்மீனின் வேகத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 800 மீற்றர் வேறுபாடாகும். அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், 0.2 கட்டம் செக்கனுக்கு 160 மீற்றர் ஆகும். இல்லாத வேகம் அது.

இந்த 160 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு 1995 ஆம் ஆண்டுக்குச் செல்லலாம். பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஓட் புறோவன்ஸ் வானாய்வகத்திலே, 1.93 மீற்றர் தொலைகாட்டியுடன் இணைந்த எலோடி என்னும் எஷெல் நிறமாலைமானியைக் கொண்டு, சுவிற்சர்லாந்து நாட்டவரான மிஷெல் மேயோரும் டிடியே கெலோவும் பெகாசசு மண்டலத்து 51 ஆம் விண்மீனை நோக்கி வந்தனர். அதன் வேகம் 4.23 நாளுக்கு ஒரு முறை, செக்கனுக்கு 59 மீற்றர் கூடியும் குறைந்தும் வருவதைக் கண்டனர். கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்று அதனை இழுத்தாட்டுகின்றது என்பது அவர்கள் கொண்ட முடிவு. சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றைச் சுற்றிவரும் கோள் முதன்முதல் அறியப்பட்டது இவ்வாறே. 2019 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 59 மீற்றர் என்பது 600 நனோமீற்றர் அலைநீளத்தில் 0.00012 நனோமீற்றர் நகர்ச்சி. மேலே கூறிய பொய் வேகம் இதனைப்போல் இரண்டரை மடங்குக்கு மேற்பட்டது.

எலோடி இப்பொறியிற் சிக்கவில்லை. நீள்துளைக்குப் பதிலாக அதற்குக் கண்ணாடி நார் வழியாக ஒளி ஊட்டப்பட்டது. நாரினுள்ளே ஒளி பன்முறை மோதி மோதிக் கலந்துவிடுவதால், விண்மீன் நாரின் வாயில் எங்கே விழுந்தது என்ற செய்தி மறுமுனையிற் பெரும்பாலும் அழிந்துவிடும். நாரின் படிமமும் சிறிய வட்டமாதலாற் சாய்வுக்கு அங்கே இடம் குறைவு. போதாததற்கு இரண்டாவது நார் ஒன்று தோரிய விளக்கின் ஒளியை அருகிலேயே கொண்டுவந்து விட்டது. சாய்வைக் கணக்கினாற் போக்குவதைவிட, அது தீங்கு செய்ய இடங்கொடாமற் செய்ததே அக்கருவியை அமைத்தவர்களின் கெட்டித்தனம்.

ஆயினும் ஐயம் எழாமல் இருக்கவில்லை. 1997 இல் கனடா நாட்டு வானியலாளர் டேவிட் கிரே, அவ்விண்மீனின் கோடுகள் இடம்பெயர்வதோடு, அவற்றின் வடிவமும் அதே 4.23 நாட் சுற்றில் மாறுகின்றது என்றும், ஆதலால் அது கோளன்று, விண்மீனின் சொந்தத் துடிப்பே என்றும் எழுதினார். ஒரு கோட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் சமச்சீராக உள்ளனவா என்ற நுண்ணிய கேள்வியிலே ஒரு கோளின் இருப்பே தங்கியிருந்தது. மறு ஆண்டில் அவரே புதிய அவதானங்களைக் கொண்டு அவ்வடிவ மாற்றம் இல்லை என்று கண்டு, கோள் உண்டு என்று ஒப்புக்கொண்டார். இவ்விவகாரத்துக்குப் படிமச் சாய்வு காரணம் என்று கூறுதல் பொருந்தாது. கோட்டின் வடிவத்தைக் கெடாது எடுப்பதில் எவ்வளவு தங்கியுள்ளது என்பதற்கே இது சான்று. சாய்ந்த படிமத்தை நேரே கூட்டினாற் கோடு அகல்வது மட்டுமன்று. விண்மீன் துளையின் நடுவே நில்லாதபோது கோடு ஒருபக்கம் சரிந்த வடிவத்தையும் பெறும்.

இனி, இச்சாய்வுகளை எவ்வாறு கையாளுகின்றனர் என்பதைக் காணலாம்.

முதற்சாய்வாகிய வரிசைச் சாய்வுக்கு வழி எளிது. தங்குதன் விளக்கொன்றை எரித்துத் தட்டிலே எல்லா வரிசைகளும் பளிச்சென்று தெரியும்படி ஒரு படம் எடுப்பர். ஒவ்வொரு வரிசையும் எவ்வழி செல்கின்றது என்பதை அப்படத்திலே பின்தொடர்ந்து, ஒரு வளைகோட்டாற் குறித்துக்கொள்வர். பின்னர் விண்மீனின் படத்தில் அவ்வழியே சென்று ஒளியைக் கூட்டுவர். சரிவான நிலத்திலே வரம்பு வளைந்து போகும். நெல்லறுப்பவன் வரம்பையொட்டி அறுக்கவேண்டுமேயன்றிக் கயிறு பிடித்து நேராக அறுத்தால் அடுத்தவன் வயலிலே போய் நிற்பான். ஏறத்தாழ அதுவே இங்கும். இரு வரிசைகளுக்கு இடையேயுள்ள இருண்ட பள்ளங்களையும் விட்டுவிடுவதில்லை. கருவியினுள்ளே சிதறிய வீண் ஒளி எவ்வளவு என்பதை அப்பள்ளங்களே காட்டும். அதனை முதலிலே கழித்துவிடல் வேண்டும்.

ஆனால் எல்லாக் கட்டங்களையும் வெறுமனே கூட்டுவது மங்கலான விண்மீனுக்கு ஏற்றதன்று. கீற்றின் நடுவேயுள்ள கட்டங்களில் ஒளி மிகுதி. ஓரங்களில் ஒளி சிறிது, இரைச்சல் பெரிது. ஆகவே 1986 இல் கீத் ஹோண் ஒரு முறை வகுத்தார். கீற்றின் குறுக்கே ஒளி எவ்வாறு பரந்திருக்கும் என்பதை முன்னரே கணித்து, ஒளி மிகுந்த கட்டத்துக்கு அதிக மதிப்பும், குறைந்ததற்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துக் கூட்டவேண்டும் என்பது அவர் கொள்கை. விண்வெளியிலிருந்து வந்து தட்டில் மோதும் அண்டக்கதிர்கள் விட்ட வடுக்களையும் இம்முறை காட்டிக்கொடுக்கும். எதிர்பார்த்த பரம்பலுக்கு ஒவ்வாது தனித்து மின்னும் கட்டம் அண்டக்கதிர் பட்ட கட்டம் என்று தள்ளிவிடலாம்.

ஹோண் முறை ஏறக்குறைய நேராகக் கிடக்கும் கீற்றுக்கு உரியது. அதிலே, ஒவ்வொரு நிரையையும் எடுத்து, அந்நிரையின் நெடுக்கே ஒளிப்பங்கு மெல்ல மெல்ல மாறுகின்றது என்று கொண்டு வழவழப்பான வளைகோடு ஒன்றைப் பொருத்துவர். கீற்று சாய்ந்திருந்தால் இது நடவாது. சாய்ந்த கீற்று ஒரு நிரையிற் புகுந்து சிறிது தூரம் ஓடி, அடுத்த நிரைக்கு இறங்கிவிடும். ஆகவே எந்த ஒரு நிரையை எடுத்தாலும் ஒளி திடீரென ஏறித் திடீரென இறங்கும். வழவழப்பான வளைகோடு அங்கே பொருந்தாது. 1989 இல் தொம் மாஷ் இதற்கு மாற்றுக் கண்டார். நிரைகளை விட்டுவிட்டு, கீற்றின் வளைவோடு கூடவே வளைந்து செல்லும் கற்பனைக் கோடுகளை நெருக்கமாக வகுத்துக்கொண்டு, அக்கோடுகளின் நெடுக்கே ஒளிப்பங்கைப் பொருத்தினார். தட்டின் கட்டங்களை அவர் அசைக்கவில்லை.

அசைக்காமை என்பதே இங்கு முக்கியம். சாய்ந்த படத்தைக் கண்டவுடன் எவருக்கும் தோன்றும் எண்ணம், கணிப்பொறியிற் படத்தைத் திருப்பி நேராக்கிவிட்டு, அதன்பின் வசதியாகக் கூட்டலாம் என்பதே. பார்வைக்கு அது அழகாகவும் இருக்கும். ஆனால் நேராக்கும்போது, பழைய கட்டமொன்றின் ஒளி புதிய கட்டங்கள் இரண்டு மூன்றுக்குப் பங்கிடப்படுகின்றது. அதனோடு அதன் இரைச்சலும் பங்கிடப்படுகின்றது. ஒவ்வொரு கட்டமும் தனக்கெனத் தனி இரைச்சல் உடையது என்ற கணக்கு அத்துடன் போய்விடும். கூர்மையாக ஒரு கட்டத்தில் நின்ற அண்டக்கதிர் வடு நான்கு கட்டங்களில் மழுங்கிப் பரவும். பின் அதனை இனங்காண்பது அரிது. இவற்றோடு, ஒளிக்கீற்று மெல்லியதாயின் நேராக்கிய நிறமாலையில் ஒருவகை அலை தோன்றும். கீற்று 25 கட்டத் தூரத்துக்கு ஒரு நிரை வீதம் இறங்குமாயின், அவ்வலையும் 25 கட்டத்துக்கு ஒரு முறை எழுந்து விழும். விண்மீனிலே அப்படியொரு பொருளும் இல்லை. அறியாதவர் அதனையும் ஒரு கண்டுபிடிப்பாக அறிவித்தல் கூடும்.

இரண்டாவது சாய்வுக்கும், அதாவது நீள்துளைப் படிமத்தின் சாய்வுக்கும், இதே மனப்பான்மை பயன் தந்தது. முதலிலே தோரிய விளக்கின் கோடுகளை எடுத்து, ஒவ்வொரு கோடும் துளையின் அடியிலும் நடுவிலும் நுனியிலும் எந்த நிரலில் நிற்கின்றது என்று அளந்து, சாய்வைத் தட்டின் இடந்தோறும் கண்டறிவர். ஓரிடத்தில் 4 பாகையாயிருப்பது மற்றோரிடத்தில் 5 பாகையாகலாம். ஒரே வரிசையின் இரு முனைகளிலும் வேறுபடலாம். சாய்வோடு சிறு வளைவும் இருக்கலாம். ஆகையால் ஒற்றை எண் போதாது. தட்டு முழுவதற்கும் ஒரு வரைபடம் வேண்டும். அவ்வரைபடம் கிடைத்தபின், ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் சொந்த அலைநீளம் இன்னதென்று விலாசம் எழுதியாயிற்று. கட்டம் தன் இடத்திலேயே நிற்க, விலாசத்தைக் கொண்டு கணக்கைச் செய்யலாம்.

இவ்வழியில் 2003 இல் டானியல் கெல்சன் எழுதிய ஒரு கட்டுரை வானியலார் பலருடைய எண்ணத்தைத் திருப்பியது. இரவு வானமும் சிறிது ஒளிர்கின்றது. அவ்வொளியிலும் கூர்மையான கோடுகள் உள. மங்கலான பொருளின் நிறமாலையிலிருந்து அவ்வானொளியைக் கழித்தல் பெருந்தொல்லை. படத்தை நேராக்கியபின் கழித்தால், கோடுகளின் ஓரங்களில் கழிபடாத மிச்சம் வடுவாக எஞ்சும். நேராக்குவதற்கு முன்னரே கழிக்கவேண்டும் என்றார் கெல்சன். அது எவ்வாறு கூடும்? கோடு செங்குத்தாக நின்றால், ஒவ்வொரு நிரையும் அக்கோட்டை ஒரே விதமாகவே கட்டங்களில் வெட்டிக் காட்டும். இருபது நிரை இருந்தும் புதுச்செய்தி ஒன்றும் இல்லை. கோடு சாய்ந்து நின்றாலோ, ஒவ்வொரு நிரையும் அதனைச் சிறிது வேறுபட்ட இடத்தில் வெட்டுகின்றது. அத்தனை நிரைகளையும் அலைநீள விலாசப்படி ஒன்றுசேர்த்தால், ஒரு கட்டத்தின் அகலத்தினும் நுண்ணியதாகக் கோட்டின் வடிவம் தெரிந்துவிடும். தொல்லையென்று எண்ணிய சாய்வு, தட்டின் கூர்மைக்கு மேற்பட்ட கூர்மையைத் தந்தது.

சுவீடன் நாட்டு உப்சாலாவில் பணியாற்றிய நிக்கொலாய் பிஸ்குனொவும், ஜெஃப் வலென்றியும் 2002 இல் வெளியிட்ட முறை இன்னொரு விதத்திற் சென்றது. தட்டிலே கண்ட படத்தை இரண்டு தெரியாப் பொருள்களின் பெருக்கமாகக் கொண்டனர்: ஒன்று விண்மீனின் நிறமாலை, மற்றொன்று நீள்துளையின் நெடுக்கே ஒளி பரந்த விதம். இரண்டையும் மாறிமாறித் திருத்தி, அவற்றாற் செய்த மாதிரிப்படம் தட்டில் உள்ள படத்தோடு பொருந்தும்வரை கணித்தனர். வரிசைச் சாய்வை அம்முறை நன்கு ஏற்றது. ஆயின் நீள்துளைப் படிமம் செங்குத்தாக நிற்பதாகவே அது கொண்டது. படிமச் சாய்வையும் வளைவையும் கணக்கினுள்ளே சேர்த்து, பிஸ்குனொவும் அவருடன் உழைத்தவர்களும் 2021 இல் முறையைத் திருத்தி வெளியிட்டனர். 2010 இல் போல்ற்றன், சிலெகல் என்னும் இருவர், தட்டின் ஒவ்வோரிடத்திலும் ஒரு புள்ளி ஒளி எவ்வடிவில் விழும் என்பதை முழுவதும் அறிந்து, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் தீர்க்கவேண்டும் என்றும் முன்மொழிந்திருந்தனர். கொள்கையளவில் இதனினும் சிறந்ததில்லை. ஆனால் தீர்க்கவேண்டிய சமன்பாடுகளின் தொகை அச்சமூட்டுவது. புள்ளியின் வடிவத்தை அவ்வளவு திருத்தமாக அறிவதும் எளிதன்று. அன்றாட வேலைக்குப் பிஸ்குனொவ் குழுவினரின் வழியே நடுத்தரமானது எனலாம்.

இவ்வளவு முறைகள் இருந்தும் பிழை நேர்வது ஏன்? ஆயத்தக் கணிநிரல்களே ஒரு காரணம். அமெரிக்காவின் அரிசோனாவிலே 1981 இற் தொடங்கப்பட்ட ஐராஃப் என்னும் நிரற்றொகுதி பல்லாண்டுகள் உலகெங்கும் வானியலாரின் வலக்கையாக விளங்கியது. வரிசைச் சாய்வை அது செவ்வனே பின்தொடரும். ஒளியைக் கூட்டும்போதோ, நீள்துளைப் படிமம் நிரலோடு ஒத்து நிற்கின்றது என்றே கொண்டு கூட்டும். குறுகிய துளைக்கும் நாருக்கும் இதனாற் பெருந்தீங்கில்லை. நீண்ட துளைக்கு உண்டு. நிரல் எதையும் கேளாது விடையைத் தந்துவிடும். விடையும் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். நிரலை எழுதியவரைக் குறைகூறுவதிற் பயனில்லை. கூட்டுமுன் விளக்குக் கோடொன்றை உற்றுநோக்கி, அது நேரே நிற்கின்றதா என்று பார்ப்பது கையாளுபவர் கடன். ஐந்து நிமிட வேலை அது.

தமிழ்நாட்டிலே ஜவ்வாது மலைப் பகுதியிலுள்ள காவலூரில், 1986 முதல் இயங்கும் 2.34 மீற்றர் வைணு பாப்பு தொலைகாட்டிக்கும் எஷெல் நிறமாலைமானி ஒன்று உண்டு. அதுவும் எலோடி போல நார்வழி ஒளியைப் பெறுவது; ஆகவே அங்கு பணிபுரிவோர் பெரும்பாலும் எதிர்கொள்வது முதற்சாய்வையே. சில்லியிலும் ஹவாயிலும் உள்ள 8 மீற்றர், 10 மீற்றர்ப் பெருந்தொலைகாட்டிகளில் நீள்துளையோடு கூடிய எஷெல்கள் உள. மிக மங்கலான பொருள்களுக்கு வானொளியையும் அருகிலேயே பதியவேண்டியிருப்பதால் அங்கே நீள்துளையைக் கைவிடல் இயலாது. இரு சாய்வும் அவர்களுக்கு உரியன.

இன்றைய வேட்டை இன்னும் நுண்ணியது. வியாழன் கோள் சூரியனை ஆட்டும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 12 மீற்றர். பூமி ஆட்டுவதோ 9 சதமமீற்றர். பூமியை ஒத்த கோள் ஒன்றை மற்றொரு சூரியனிடத்தே காணவேண்டுமாயின், ஹார்ப்ஸ் தட்டின் அளவுகோலின்படி ஒரு கட்டத்தின் பல்லாயிரத்தில் ஒரு பங்கை அளத்தல் வேண்டும். அந்நிலையிலே நாரின் சிறு வட்டப் படிமத்தின் சாய்வும் புறக்கணிக்கத் தக்கதன்று. அதனால்தான் லா சில்லா மலையில், வானம் இருளுமுன், விண்மீன் ஒன்றையும் நோக்காமலே கருவி வேலை தொடங்குகின்றது. முதலிற் தங்குதன் விளக்கு. அதன்பின் தோரிய விளக்கு. அன்றைய வரிசைகள் எவ்வழிச் சாய்ந்துள, அன்றைய கோடுகள் எங்கே நிற்கின்றன என்பன பதிவாகின்றன. அவ்விளக்குப் படங்களும், இரவில் எடுத்த விண்மீன் படங்களும், நேராக்கப்படாது, கூட்டப்படாது, தட்டிலிருந்து வந்தபடியே வானாய்வகத்தின் காப்பகத்திற்குச் செல்லுகின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தை 2021 ஆம் ஆண்டின் முறையால் மீண்டும் படிக்க விரும்பும் ஒருவர், விண்மீன் படத்தோடு அந்த நாளின் விளக்குப் படத்தையும் சேர்த்தே கேட்டுப் பெறுவார்.